பூங்காச் சருகு எருவான ஆறு மாதம்

மாசியும் பங்குனியும் எங்கள் பகுதிப் பூங்காவில் சருகின் காலம். இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், ஒன்பது புங்க மரங்கள், நான்கு வேம்பு, சுற்றுச்சுவரை ஒட்டி மூன்று நாட்டு வாதுமை மரங்கள் ஆகிய எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இலையுதிர்க்கும். திருச்சியில் அந்த நாட்களில் மழை கிடையாது. கூட்டிக் குவித்த சருகு மாலைக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். அதற்கு யாராவது ஒருவர் தீ வைப்பது பல ஆண்டுகளாக இங்கே இருந்து வந்த பழக்கம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பொது இடத்தில் குப்பை கொளுத்துவதைத் தடை செய்தன. அதைச் சொல்லி ஒருவரை ஒரு நாள் நிறுத்தலாம். ஆனால், சருகை வேறு என்னதான் செய்வது என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

எங்கள் தோட்டச் சங்கத்தில் சுமார் 40 குடும்பங்கள் இருக்கின்றன. மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று பூங்காவில் கூடி, விதைகளைப் பரிமாறிக்கொண்டு, யார் வீட்டு மாடியில் எது காய்த்தது, எதில் மாவுப்பூச்சி வந்தது என்று பேசிக் கலைவதுதான் வழக்கம். 2025 ஜனவரி 12 அன்று நடந்த கூட்டத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மாடித் தோட்டத் தொட்டிகளுக்காக எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து வெளியிலிருந்து வாங்கும் மண்புழு உரம் ஆண்டுக்கு 100 மூட்டைக்கு மேல் வந்தது. தலைக்கு மேலே தூங்குமூஞ்சி மரம் நிற்க, அதன் அடியிலேயே அமர்ந்து இந்தக் கணக்கைப் போட்டது எனக்கு உறைத்தது. அந்த ஆண்டின் சருகு முழுவதையும் பூங்காவுக்குள்ளேயே எருவாக்குவது என்று அன்றே முடிவு செய்தோம். பொறுப்பு என்னிடம் வந்தது. அடுத்த ஆறு மாதங்களில் நாங்கள் செய்தவற்றையும், தவறியவற்றையும், திருத்திக்கொண்டவற்றையும் என் குறிப்பேட்டிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதல் விவாதம், குழியா குவியலா என்பது. மூத்த உறுப்பினர்கள் சிலர் குழி வெட்டலாம் என்றனர். பெங்களூர் முறை எனப்படுவது அதுதான்: குழியில் கழிவையும் சாணத்தையும் அடுக்கி, மேலே மண்ணும் சாணமும் கலந்து மெழுகிவிட்டால் இடையில் கிளற வேண்டிய வேலை இல்லை. ஆனால் முழுதாக மக்குவதற்கு ஆறு முதல் எட்டு மாதங்கள் பிடிக்கும். மற்றது இந்தூர் முறை. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, இந்திய உழவர்களின் வழக்கங்களைப் பார்த்துக் கற்று வகுத்த அந்த முறையில், குவியலைக் குறித்த இடைவெளியில் கிளறிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். உழைப்பு அதிகம், காலம் குறைவு. ஆடிப் பட்டத்துக்கு எரு வேண்டுமென்றால் எங்களுக்கு ஐந்து மாதங்களே இருந்தன. தவிர, குழந்தைகள் ஓடி விளையாடும் பூங்காவில் குழி வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே தரைக்கு மேலே குவியல் என்று தீர்மானித்தோம். கிளறும் உழைப்பை யார் தருவது என்பதை அன்று நாங்கள் ஆழமாக யோசிக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு மூலம் அதுதான்.

பிப்ரவரி 9 அன்று தொட்டிகளைக் கட்டினோம். ஓர் உறுப்பினர் வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்தபோது மிஞ்சிய சிமெண்ட் ஹாலோ பிளாக் கற்கள் கிடைத்தன. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குல அகலம் கொண்டவை. சாந்து பூசாமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, மேல் வரிசைக் கல் கீழ் வரிசை இடைவெளியின் மீது அமருமாறு ஆறு வரிசை அடுக்கினோம். காற்று நான்கு புறமும் நுழைய இந்த இடைவெளிகள் அவசியம். அடுத்தடுத்து மூன்று தொட்டிகள். ஒவ்வொன்றும் உள்ளளவில் 4 அடிக்கு 4 அடி, உயரம் 4 அடி. மொத்தம் 110 கற்கள் ஆயின. முன்பக்கம் மட்டும் கல் வைக்காமல், கழற்றி மாட்டும் பலகைகள் பொருத்தினோம். மூன்றில் இரண்டு நிரப்புவதற்கு. மூன்றாவது, கிளறும்போது மாற்றிப் போடுவதற்கு. இந்தக் காலித் தொட்டியைப் பார்த்த பலரும் இடம் வீணாகிறதே என்றனர். ஒரு குவியலை அதே இடத்தில் வைத்துக் கிளறிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மேலே இருந்தது கீழே போக வேண்டும், ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வர வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் இருந்தே ஆக வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குவியல் ஏறத்தாழ ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால், உள்ளே நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வெப்பம் வெளியே கசிந்து போய்விடும். எங்கள் தொட்டி ஒன்று நிறைந்தால் சுமார் 1.8 கன மீட்டர். வீட்டு மாடியில் வாளியிலும் சிறு தொட்டியிலும் மக்க வைக்கும்போது சூடு ஏறுவதே இல்லையே என்று கேட்பவர்களுக்கு, அளவு போதாமைதான் பெரும்பாலும் காரணம். அங்கேயும் மக்கும், மெல்ல மக்கும், களை விதை சாகாது, அவ்வளவே.

பிப்ரவரி 16 ஞாயிறு காலையில் 22 பேர் வந்தார்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சை என்ற கணக்கில் அடுக்கினோம். பச்சை என்பது புல்வெளியில் வெட்டிய புல், உறுப்பினர் வீடுகளிலிருந்து வந்த காய்கறித் தோல், அடுத்த தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் வாங்கிய சாணம். ஒவ்வோர் அடுக்குக்கும் ரப்பர் குழாயால் தண்ணீர் தெளித்தோம். இரண்டு மணி நேரத்தில் தொட்டி நிறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து, 23ஆம் தேதி, 50 சென்டிமீட்டர் நீளக் கம்பி கொண்ட டயல் வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகினேன். 40 டிகிரி செல்சியஸ் காட்டியது. அன்றைய வெயிலே 35 டிகிரிக்குக் குறையாது. குவியல் வேலையைத் தொடங்கவேயில்லை என்று பொருள்.

பலகைகளைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்தோம். மேலே ஓரடி வரை ஈரம். அதற்குக் கீழே கொளுத்தத் தயாராக இருக்கும் சருகு. வாதுமை இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தட்டுகளை அடுக்கியது போல் தண்ணீரைப் பக்கவாட்டில் வழியவிட்டிருந்தன. லால்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, இப்போது மகன் வீட்டில் இருக்கும் பெரியம்மா ஒருவர் எங்கள் சங்கத்தின் மிக மூத்த உறுப்பினர். அவர் ஒரு பிடிச் சருகை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேல தெளிச்சா உள்ள எறங்குமா? சருகை ஊற வச்சுல்ல போடணும். எங்க ஊருல எருக்குழிக்குத் தண்ணி விடமாட்டோம், சாணித் தண்ணியில நனைச்சு எடுத்துத்தான் போடுவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியது.

அன்றே முழுவதையும் வெளியே எடுத்தோம். 200 லிட்டர் டிரம்மில் மூன்று கூடைச் சாணத்தைக் கரைத்து, சருகைக் கூடை கூடையாக அதில் அமுக்கி எடுத்து அடுக்கினோம். வாதுமை இலைகளை மட்டும் சாக்கில் போட்டுக் கட்டி, மேலே ஏறி மிதித்து நொறுக்கிய பின்னரே நனைத்தோம். மொத்தம் 18 குடம் தண்ணீர் பிடித்தது. சருகு இவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஈரம் சரியா என்று பார்க்க எளிய வழி, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிவது. விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. நான்காம் நாள், பிப்ரவரி 27 வியாழன் காலை, வெப்பமானி 63 டிகிரி காட்டியது. கம்பியை வெளியே எடுத்தபோது தொட முடியவில்லை. பூங்காக் காவலர் அண்ணன் அதைப் பார்க்க வந்து, அன்று முழுக்க நடைப்பயிற்சிக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். 70ஐத் தாண்டினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் அழியத் தொடங்கும். ஆகவே 63 நல்ல எண்.

ஆனால் அந்த நல்ல எண்ணை நாங்கள் காப்பாற்றவில்லை. குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். மார்ச் 2 ஞாயிறு, 57 டிகிரி. மார்ச் 6 வியாழன், 46. மார்ச் 9 ஞாயிறு, 41. உள்ளே சாம்பல் பூத்தது போல் வெள்ளைப் படலம், சருகு மறுபடியும் காய்ந்திருக்கிறது. வெப்பம் 45 டிகிரிக்கு அருகில் இறங்கும்போது உள்ளே காற்றும் ஈரமும் தீர்ந்து வருகின்றன என்று பொருள். அந்த நேரத்தில் கிளறி, தண்ணீர் சேர்த்தால் மீண்டும் சூடேறும். குவியல் கிளறச் சொல்லிக் கேட்டது வியாழக்கிழமை. நாங்கள் வந்ததோ ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறும் 22 பேர் இல்லை, ஆறு பேர்தான்.

இந்த ஆறு மாதங்களில் நான் கற்றவற்றுள் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தன்னார்வப் பணி என்றால் எல்லோருக்கும் விடுமுறையான நாளில், எல்லோரும் சேர்ந்து, புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கூட்டமாகச் செய்வது என்று எங்கள் சங்கத்திலும் பழகியிருந்தோம். மரம் நடும் விழாவுக்கு அது பொருந்தலாம். உயிருள்ள குவியலுக்கு அது பொருந்தாது. அதற்குத் தேவை ஒரே நாளில் 22 பேர் அல்லர், தேவைப்படும் நாளில் மூன்று பேர். மார்ச் 9 மாலை கூடி, ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைக் கைவிட்டோம். அதற்குப் பதிலாக, நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு வெப்பமானியைப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் எண்ணை மட்டும் பதிவிடும் பொறுப்பை, எப்படியும் அந்நேரம் நடக்க வரும் நான்கு பேர் முறைவைத்து ஏற்றனர். எண் 48க்குக் கீழே இறங்கினால், அன்று மாலையோ மறுநாள் காலையோ வரக்கூடிய மூவர் பெயர் கொடுக்க வேண்டும். மூன்று பேர், இரண்டு மண்வாரி, ஒரு முள்வாரி, நாற்பது நிமிடம்: ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் போட இவ்வளவே போதும். அலுவலகம் செல்பவர்களும் கல்லூரி மாணவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வராமல் இருந்ததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல என்பதும் அப்போது தெரிந்தது. அரை நாள் தர முடியாதவர்கள் நாற்பது நிமிடம் தரத் தயாராக இருந்தார்கள். முதல் குவியலை அதன்பின் ஐந்து முறை கிளறினோம். ஐந்தில் நான்கு வார நாட்களிலேயே அமைந்தன.

இரண்டாவது குவியலில் வாழையைச் சேர்த்தோம். வாழைக்கென்றே 1993இல் தேசிய ஆராய்ச்சி மையம் அமைந்த ஊர் இது. திருமண மண்டப வாசலில் கட்டிய வாழை மரங்களும் சாப்பாட்டு இலைகளும் இங்கே எந்த முகூர்த்த நாளிலும் கிடைக்கும். தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், காய்ந்த சருகுக்கு அது உள்ளிருந்தே ஈரம் கொடுக்கும். சாம்பல் சத்தும் நிறைய உண்டு. முதல் முறை தண்டை ஒரு முழ நீளத் துண்டுகளாகப் போட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்துக் கிளறியபோது சதைப் பகுதி கரைந்து நார் மட்டும் கயிறாக முறுக்கிக்கொண்டு, முள்வாரியின் ஒவ்வொரு பல்லிலும் சுற்றிக்கொண்டது. அதன்பின் இரண்டு விரற்கடைக்கு மேல் நீளமில்லாமல் அரிவாளால் கொத்திப் போடுகிறோம். தண்டு கொத்துவது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் கொத்தாமல் போட்டால் அதைவிட அதிக நேரம் நாரை அறுப்பதில் போகும்.

கோயில் மாலைகளும் வந்தன. வாழைநாரில் தொடுத்த மாலை என்றால் அப்படியே போடலாம். நைலான் நூலில் கட்டியதும் ஜிகினாச் சரிகை சுற்றியதும் பெரும் தொல்லை. மூன்று மாதம் கழித்து எருவைச் சலிக்கும்போது பளபளவென்று ஜிகினாத் துணுக்கு வருவதைப் பார்த்த பிறகு, மாலையைப் பிரித்துப் பூவை உதிர்த்தே வாங்குவது என்று விதி செய்தோம். சங்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சனிக்கிழமை மாலைகளில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள்.

பெரிய தவறு மார்ச் மூன்றாம் வாரத்தில் நடந்தது. ஒரு மண்டபத்திலிருந்து சாப்பிட்ட இலைகளைக் கொண்டுவந்தபோது, இலையோடு ஒட்டியிருந்த சோறும் குழம்பும் கூட்டும் சேர்ந்தே வந்தன. வழித்தெடுக்காமல் குவியலில் போட்டுவிட்டோம், அனுமதித்தவன் நான்தான். 19ஆம் தேதி புதன்கிழமை காலை பூங்காவுக்குள் நுழையும்போதே புளித்த வாடை அடித்தது. ஈ மொய்த்தது. இரவில் பெருச்சாளி ஒன்று கல்லிடுக்கு வழியாகப் பறித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கோபமாக வந்து நின்றார். அவர் கோபம் நியாயமானது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அன்று மாலையே குவியலைப் பிரித்தோம். சமைத்த உணவு படிந்த பகுதி காற்றுப் போகாமல் களிம்பு போல இறுகியிருந்தது. அதை அகற்றித் தனியே புதைத்துவிட்டு, மீதியில் உலர்ந்த சருகு எட்டுக் கூடை கலந்து, தளர்வாக அடுக்கி, மேலே அரை அடி கனத்துக்கு வெறும் சருகைப் போர்த்தினோம். இரண்டு நாட்களில் வாடை நின்றது. கெட்ட வாடை வரும் குவியலுக்கு மருந்து பெரும்பாலும் சருகும் காற்றும்தான். கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்களை அதற்காக வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அன்று முதல் சமைத்த உணவு, எண்ணெய், இறைச்சி எதுவும் தொட்டிக்குள் வரக் கூடாது என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஏப்ரலில் சங்கத்தில் சேர்ந்தார். இப்போது காலை வெப்பமானி பார்க்கும் நால்வரில் அவரும் ஒருவர்.

ஏப்ரலும் மேயும் தண்ணீரோடு நடந்த போராட்டம். கத்திரி வெயிலில் கல் சுவரே சுட்டது. ஓரத்துச் சருகு இரண்டு நாளில் உலர்ந்துவிடும். நனைத்த சாக்குகளை மேலே போர்த்தி, அதன்மேல் தென்னங்கீற்று வைத்தோம். வாரம் இருமுறை நான்கு குடம் வீதம் ஊற்றினோம், அதுவும் கடப்பாரையால் குவியலில் ஆறேழு துளையிட்டு, துளைக்குள் ஊற்றினோம். குடிநீரை எருவுக்கு ஊற்ற மனம் வரவில்லை. ஐந்து வீடுகளில் துணி அலசிய கடைசித் தண்ணீரையும் அரிசி கழுவிய நீரையும் பிடித்து வைத்துக் கொடுத்தார்கள். சோப்பு மிகுந்த முதல் தண்ணீரை எடுப்பதில்லை.

குவியல்கள் மக்கும் வேகத்தில் மரத்துக்கு மரம் வேறுபாடு இருந்தது. தூங்குமூஞ்சியும் புங்கையும் பயறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலையில் தழைச்சத்து மற்ற சருகுகளைவிடக் கூடுதல், இலையும் சிறிது. மே மாதத்தில் அவற்றின் அடையாளமே தெரியவில்லை. வேம்பும் அப்படியே கரைந்தது. வாதுமை இலை மட்டும் நரம்போடு வலைபோல் எஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டு வாதுமை இலையை எருவுக்கு எடுக்காமல், மரங்களின் அடியில் மூடாக்காகப் போட்டுவிடுவது நல்லது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மே 25 அன்று முதல் குவியல் கறுத்து, மண்வாசனையோடு இருந்தது. எல்லோரும் சலித்துப் பங்கிடலாம் என்றார்கள். நான் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். ஒரு தட்டில் எரு, மற்றொன்றில் சாதாரணத் தோட்ட மண்; இரண்டிலும் 20 முள்ளங்கி விதைகள். ஐந்தாம் நாள் மண்ணில் 18 முளைத்திருந்தன, எருவில் 11. முளைத்தவற்றின் நுனியும் கருகியிருந்தது. பார்வைக்கு முடிந்துவிட்டது போல் தோன்றினாலும் உள்ளே வேதிமாற்றம் ஓயவில்லை. அந்த நிலையில் தொட்டிச் செடிக்குப் போட்டிருந்தால் வேர் வெந்திருக்கும். மூன்று வாரம் மூடி ஆறவைத்தோம். ஜூன் 15 அன்று மீண்டும் விதைத்ததில் 20க்கு 18 முளைத்தன. பொறுமை இல்லாமல் மே மாதமே பங்கிட்டிருந்தால், 40 வீட்டு மாடிகளில் செடி வாடியிருக்கும். பூங்கா எரு என்றாலே வேண்டாம் என்ற பேச்சும் வந்திருக்கும்.

இடையில், ஜூன் 8 அன்று, இரண்டாம் குவியலைக் கிளறியபோது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழிகளிலும் மட்கிய கட்டைகளிலும்தான். சுற்றியுள்ள வீடுகளில் 30 தென்னைக்குக் குறையாது. எங்கள் தொட்டி அந்த மரங்களுக்கு எமனாகிவிடக் கூடாதே என்று அஞ்சினேன். ஆனால் எருவில் காணும் வெள்ளைப் புழு எல்லாமே அது அல்ல. பூக்களைத் தின்னும் ஒரு வண்டு இனத்தின் புழுவும் இதே நிறத்தில் இருக்கும். அது சருகை அரைத்து எருவாக்கித் தருகிறது. வேறுபாடு அறிய, புழுவைச் சமதரையில் விட்டுப் பார்க்க வேண்டும். மல்லாந்து, முதுகை ஊன்றி ஊர்ந்து சென்றால் அது பூ தின்னும் வண்டின் புழு. தலை சிறியதாக இருக்கும். பக்கவாட்டில் சுருண்டே கிடந்து, தலை பெரியதாகப் பழுப்பு நிறத்தில் இருந்தால் காண்டாமிருக வண்டின் புழு. அன்று எடுத்த 47 புழுக்களில் 29 முதுகால் ஊர்ந்தன. அவற்றை மீண்டும் குவியலிலேயே விட்டோம். மீதி 18ஐ மைனாக்கள் கொண்டுபோயின. அதோடு நிறுத்தாமல், வேளாண் இடுபொருள் கடையில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை வாங்கி, உறையில் இருந்த அளவுப்படி தண்ணீரில் கலந்து குவியலில் ஊற்றினோம். அது புழுவின் உடலில் வளர்ந்து அதைக் கொல்லும்; இறந்த புழு மேல் பச்சைப் பொடி பூத்திருக்கும். இரண்டு வாரம் கழித்து அப்படி நான்கைந்து புழுக்களைக் கண்டோம். வண்டு உள்ளே இறங்காதபடி இப்போது மூன்று தொட்டிகளின் மீதும் கொசுவலை கட்டியிருக்கிறோம்.

ஜூன் 22 அன்று சலித்தோம். கட்டுமான இடங்களில் மணல் சலிப்பது போல, மரச் சட்டத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடித்து, சாய்த்து நிறுத்தி, மண்வாரியால் எருவை வீசினோம். முழு ஈரத்தில் சலித்தால் கண் அடைத்துக்கொள்ளும். முந்தைய நாளே நிழலில் பரப்பி ஆறவிட்டிருந்தோம். நான்கடி உயரம் நிறைந்திருந்த குவியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, 25 கிலோ அரிசிச் சாக்குகளில் 13 மூட்டை ஆனது. ஜூலை இரண்டாம் வாரத்தில் மற்றது 14 மூட்டை. 100 மூட்டை வாங்கிய இடத்தில் 27 மூட்டை, குறைவுதான். ஆனால் மரங்களிலிருந்து விழுந்த மொத்தச் சருகில் பாதியைக்கூட நாங்கள் இவ்வாண்டு தொட்டிக்குள் கொண்டுவரவில்லை.

எருவை எப்படிப் பங்கிடுவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. சந்தா கட்டியவர்களுக்குச் சமமாக என்றார்கள் சிலர். வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள் வேறு சிலர். இலை மரத்தினுடையது, ஆகவே முதல் பங்கு மரத்துக்கு என்று நான் வாதிட்டேன். பெரியம்மாவும் அதையே சொன்னார். எட்டு மூட்டை பூங்கா மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் போயிற்று. ஐந்து மூட்டை அருகிலுள்ள அரசுப் பள்ளியின் காய்கறிப் பாத்திகளுக்குக் கொடுத்தோம். ஆறு மூட்டையை நாற்றங்காலுக்கு வைத்துக்கொண்டு, மீதமிருந்த எட்டை வீட்டுக்கு ஐந்து கிலோ என்று எல்லாக் குடும்பங்களுக்கும் அளந்தோம். வந்து கிளறியவர், வராதவர் என்ற பிரிவினை வேண்டாம் என்று கிளறியவர்களே சொல்லிவிட்டார்கள்.

நாற்றங்காலுக்குச் செம்மண் இரண்டு பங்கு, எரு ஒரு பங்கு, உப்புப் போக மூன்று முறை அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்று கலந்தோம். ஜூன் 29 அன்று கத்தரியும் மிளகாயும், ஒரு வாரம் கழித்துத் தக்காளியும் குழித்தட்டுகளில் விதைத்தோம். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்த தண்ணீர் அதற்குள் காவிரியில் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது; ஊரில் எல்லோருடைய பேச்சும் ஆடிப்பெருக்கைப் பற்றியே இருந்தது. ஆகஸ்டு 3, ஆடி 18, இம்முறை ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. ஆற்றுக்குப் போய்த் திரும்பியவர்கள் மாலையில் பூங்காவுக்கு வந்து, வீட்டுக்கு ஆறு நாற்றும், அவரை, பீர்க்கு, புடலை, சுரை விதைகளில் ஒவ்வொரு பொட்டலமும் வாங்கிச் சென்றார்கள். பீர்க்கு விதை பெரியம்மா தம் ஊரிலிருந்து கொண்டுவந்து இரண்டு ஆண்டுகளாக மாடியில் பெருக்கியது. நாற்றுகளின் வேர் குழித்தட்டு நிறைய வெள்ளையாகப் பின்னியிருந்ததைத் தட்டிக் காட்டியபோது, அவர் ஒரு நாற்றைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசிக்காக இப்போதே சிலவற்றைத் தொடங்கியிருக்கிறோம். சருகு கிடைப்பது ஆண்டில் இரண்டு மாதங்கள்தான். பச்சைக் கழிவோ ஆண்டு முழுவதும் வரும். ஆகவே பங்குனியில் கூட்டிய சருகில் 60 சாக்குகளைக் காய்ந்தபடியே கட்டி, காவலர் அறைக்குப் பின்னால் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருந்தோம். அதிலிருந்து 22 சாக்குகளை எடுத்து, ஜூலை 27 அன்று மூன்றாவது குவியலைப் போட்டோம். சாணக் கரைசலில் நனைத்து, வாழைத்தண்டைக் கொத்தி, வாதுமையை நீக்கி. மூன்றாம் நாள் 61 டிகிரி ஏறியது. ஆகஸ்டு 5 செவ்வாய் காலை ஆறரை மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் குழுவில் 47 என்று பதிவிட்டார். கல்லூரி மாணவர் இருவர் பெயர் கொடுத்தனர்; மூன்றாவது ஆளாக நான் போனேன். மாலை ஐந்தே முக்காலுக்குப் பலகையைக் கழற்றினோம். ஆறரைக்குள் குவியல் பக்கத்துத் தொட்டிக்கு மாறிவிட்டது. மூன்று குடம் தண்ணீர் சேர்த்து, வலையைக் கட்டிவிட்டு வந்தோம்.